மாமியார் பிரான்சுக்கு வந்த மாலை

பிரான்ஸ் நாட்டில் மலையுச்சியில் ஊர் கட்டியவர்கள் யாரும் சேலை கட்டியவர்கள் அல்லர். இதை நான் முதல் ஊரின் முதல் வளைவிலேயே தெரிந்துகொண்டேன். அவர்கள் தெரு என்று சொன்னது உருண்டைக் கல் பதித்த செங்குத்தான ஏற்றம். ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, மலாக்காவில் வாங்கிய செருப்போடு ஏறினேன். எனக்கு முன்னால் என் கணவர் வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி, ஏதோ பாட்டன் சொத்தைப் பார்க்கப் போகிறவர்போல விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்.

"என்னங்க, கொஞ்சம் நில்லுங்க. பின்னால ஒரு பொண்டாட்டி வர்றா."

"மேல போனா காட்சி நல்லா இருக்கும் லா," என்றார் திரும்பாமலே.

அவர் சொன்னது மலாயில். மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் வாழும் சிட்டி இனத்தார் வீடுகளில் பேச்சு அதுதான். சுல்தான் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கியவர்களின் வம்சம் என்று பெருமை பேசுவார்கள். வீட்டில் விபூதி உண்டு, குங்குமம் உண்டு, சாமி அறை உண்டு, தமிழ் மட்டும் கிடையாது. நான் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தமிழைத் தவிர வேறெதிலும் எனக்குச் சண்டை போட வராது. நான் தமிழில் திட்டுவேன், அவர் மலாயில் சமாதானம் சொல்வார். இப்படியே குடும்பம் நடந்தது. இங்கே அவர் பேச்சைத் தமிழிலேயே எழுதப் போகிறேன். இவ்வளவு நல்ல தமிழ் அவர் வாயில் வருவதைப் பார்த்தால் அவரே சிரிப்பார்.

அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்ததும் வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்ட, அந்த நாற்காலிகளில் உட்கார நம் ஆட்களைப் படிப்புக்கு அனுப்பினார்கள். அப்படித்தான் மறு வருடம் நாங்கள் லண்டனுக்குக் கப்பல் ஏறினோம். படிப்பு முடிந்து ஊர் திரும்பும் கப்பல் மார்செய் துறைமுகத்திலிருந்து. அதற்கு முன்னால் ஒரு வாரம் பேருந்தில் பிரான்சின் பழைய மலையூர்களைச் சுற்றிக் காட்டும் பயணம் ஒன்று இருக்கிறதென்று கடைக் கண்ணாடியில் படம் பார்த்துவிட்டு வந்து குதித்தார். எனக்கு மலையும் வேண்டாம் மடுவும் வேண்டாம், வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் ஒன்றரை வருடமாக எதையுமே வேண்டும் என்று கேட்காத மனிதர் கேட்கிறாரே என்று சரி சொன்னேன்.

அந்த ஒன்றரை வருடத்துக்குக் காரணம் என் மாமியார். நாங்கள் லண்டன் போன முதல் குளிர்காலத்தில், பொங்கல் கழிந்த சில நாட்களில், அவர் இறந்துவிட்டார் என்று காஜா பெராங்கிலிருந்து தந்தி வந்தது. கப்பலில் போனாலும் சடங்கெல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். விமானத்துக்கு வழியில்லை. என் கணவர் தந்தியைப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டு வகுப்புக்குப் போனார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான்தான் குளியலறையில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். என் மாமியாருக்காக நான் அழுவேன் என்று கல்யாணத்தன்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

அப்படிப்பட்ட மாமியார். மலாய்க்காரர்களைப் போல கெபாயாச் சட்டை போட்டு, சாரோங் கட்டி, கொண்டையில் பூ வைத்து, வெற்றிலை மென்றபடி சமையலறையில் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்த வீட்டில் குடத்தைத் தொடவே எனக்கு ஆறு மாதம் அனுமதி கிடைக்கவில்லை. தோட்டத்துப் பெண்ணுக்குச் சம்பால் என்ற மிளகாய்த் துவையல் இடிக்கத் தெரியாது என்று ஊரெல்லாம் சொன்னவர், எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று வேளையும் கஞ்சி ஊட்டினார். மாம்பழமானாலும் புளிச்சக்காய் ஆனாலும், இறால் விழுதான பெலாச்சானைச் சுட்டு மிளகாயோடு இடித்துத் தொட்டுக்கொள்ளாமல் ஒரு துண்டு வாயில் வைக்க மாட்டார். வாயுவுக்கு என்று சொல்லிக் கொஞ்சம் பிராந்தியும் குடிப்பார். வாயு அவருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வரும்.

மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே விதவையானவர். இரண்டு பெண்கள், கடைசியாக இந்த ஒரே பையன். பலகாரம் செய்து விற்று வளர்த்தார். வெளியூர் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு தடவை உறவினர்களோடு எதிரே இருக்கும் தீவுக்குப் படகில் போய், போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்து, இனி மலாக்கா மண்ணை விட்டுக் கால் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்.

சிட்டி வீடுகளில் பார்ச்சு என்று ஒரு வழக்கம் உண்டு. போகி சமயத்தில் ஒரு தடவை, வருடத்தின் நடுவில் பழங்கள் காய்க்கும் பழக்காலத்தில் ஒரு தடவை, செத்துப்போனவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது. அவரவர்க்குப் பிடித்ததை வாழை இலையில் வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, பெயர் சொல்லி அழைப்பார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமல்லவா? கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். தோட்டத்தில் நாங்களும் படையல் போடுவோம்தான், ஆனால் செத்தவர்களுக்கு இவ்வளவு மரியாதை எங்களிடம் கிடையாது. நாங்கள் கதவைத் தட்டியதில்லை.

மாமியார் இறந்த வருடத்துத் துக்கம் கழிந்து, அவரையும் சேர்த்து அழைக்க வேண்டிய முதல் பார்ச்சு இந்தப் பழக்காலத்தில் வருகிறது. நாள் எது என்று மூத்த நாத்தனார் லண்டனுக்கே எழுதியிருந்தார். இத்தனை காலம் மற்றவர்களைக் கூப்பிட்ட மாமியார், இனி கூப்பிடப்படுகிறவர். அந்த நாள் எங்கள் பயணத்தில் நான்காவது ஊரில் விழுந்தது.

இதை என் கணவர் என்னிடம் சொன்னது இரண்டாவது ஊரில், ஒரு கல் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து நான் என் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது. சுற்றிலும் கோட்டைச் சுவர். கீழே திராட்சைத் தோட்டமும், நீலமாக லவெண்டர் வயலும். பழைய காலத்தில் கொள்ளைக்காரர்களுக்கும் படைகளுக்கும் பயந்து இப்படி உச்சியில் ஏறி ஊர் கட்டினார்கள் என்றும், தண்ணீரைக் கூடக் கீழேயிருந்து சுமந்தார்கள் என்றும் வழிகாட்டி சொல்லி முடித்திருந்தார். பயந்தவர்கள் கட்டிய ஊர் இவ்வளவு அழகாக இருப்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. புக்கிட் என்றால் மலாயில் குன்று; எங்கள் ஊரில் புக்கிட் காத்தில், புக்கிட் ரம்பாய் என்று பெயரில்தான் மலை இருக்கிறது. கப்பலில் வந்தவனையெல்லாம் கடற்கரையிலேயே நின்று வா என்று சொல்லிவிட்டோம். அதனால்தான் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்துகொண்டார்கள்.

"அன்னிக்கு மாக்குக்கு நானும் ஒரு இலை போடறேன்," என்றார் அவர். மாக் என்றால் அவர்கள் பேச்சில் அம்மா.

"அங்க அக்கா போடுவாங்களே."

"அவங்க போடுவாங்க. நானும் போடணும்."

"நல்லா இருக்கே! ஒரே நாள்ல ரெண்டு இடத்துல கூப்பிட்டா அவங்க எங்க போவாங்க? அந்தத் தீவுக்குப் போயிட்டு வந்ததுக்கே மூணு நாள் படுத்தவங்க. அவங்களைக் கடல் தாண்டி மலை மேல ஏறச் சொல்றீங்களா? வயசான மனுஷியை ஏங்க இப்படி அலைக்கழிக்கிறீங்க?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அவர் முகம் விளையாட்டில் இல்லை. அவர் அதையேதான் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. கூப்பிடாமல் இருந்தால், கடைசியில் முகம் பார்க்காத மகன் முதல் சோறும் போடாதவன் ஆகிறான். கூப்பிட்டால், அம்மா பிறந்து வளர்ந்து ஆண்ட வீட்டில், அவருக்காக முதல் இலை விரித்திருக்கும் நேரத்தில், அவரை அங்கே போகவிடாமல் முன்பின் தெரியாத ஊருக்கு இழுத்த மாதிரி ஆகிறது. அங்கே இரண்டு பெண்கள் கதவைச் சாத்திவிட்டு வாசலில் காத்திருப்பார்கள். இலை அப்படியே கிடக்கும்.

செருப்பை மாட்டிக்கொண்டு, நானே அவருக்கு முன்னால் மேட்டில் ஏறினேன். எனக்கு அது அபூர்வம்.

மூன்றாவது ஊரில் தேவாலயத்து மணிக்கூண்டின் கீழ் நின்றுகொண்டிருந்தபோது அவர் திடீரென்று என் கையைப் பிடித்தார். வரைபடக்காரர் மூளை வேலை செய்திருந்தது. சூரியன் எங்கள் ஊரில் முதலில் இறங்கிவிடும், இங்கே பிறகுதான் இறங்கும். அங்கே விளக்கேற்றும் நேரத்தில் இங்கே உச்சிவெயில்.

"மாக் முதல்ல வீட்டுல சாப்பிடட்டும். அக்கா கையால. முடிச்சு, வெத்தலை போட்டு, மெதுவா கிளம்பி வந்தா இங்க சாயங்காலம். ரெண்டு பேரும் அவங்களைப் பங்கு போட்டுக்க வேண்டியதில்ல. சரிதானே?"

நில அளவை அலுவலகம் செத்தவர்களின் போக்குவரத்தையும் கவனிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சரியில்லை என்று சொல்வது? "சரிதாங்க," என்றேன். "ஆனா ரெண்டு சாப்பாடு. அவங்க வயிறு தாங்குமா?" அவர் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தார்.

நான்காவது ஊர் மற்ற மூன்றையும்விட உயரம். எனக்கு வாய்த்தது அப்படி. விடுதிக்காரம்மா என் மாமியாரைப் போலவே பருத்தவர், என் மாமியாரைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்றார். அவருக்கு நம் பாஷை எதுவும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. என் கணவருக்குப் பிரெஞ்சில் நன்றி, ரொட்டி, இடது பக்கம் என்ற மூன்று சொற்கள் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு பார்ச்சு நடத்தியாக வேண்டும்.

காலையிலேயே சந்தைக்குப் போனோம். மாம்பழம் இல்லை, பலாப்பழம் இல்லை, ரம்புத்தான் இல்லை. ஆனால் செர்ரிப்பழம் கூடை கூடையாக இருந்தது. ஆப்ரிகாட் இருந்தது. முலாம்பழம் ஒன்றை முகர்ந்து பார்த்து, இது ஏறக்குறைய ஊர் வாசனை என்று வாங்கினார். நான் பழுக்காத பச்சைப் பிளம் காய்களாகப் பொறுக்கினேன். கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டு பழுத்ததை எடுத்துக் கொடுத்தாள். நான் அதைத் திருப்பி வைத்துவிட்டுக் காயையே எடுத்தேன். புளிப்பைக் கண்டால் கண் மின்னும் ஒரு கெபாயாக்காரியை அவளுக்கு எப்படி விளக்குவது?

வாழை இலைக்கு எங்கே போவது? விடுதிக்குப் பின்னால் ஒரு அத்தி மரம் நின்றது. கை விரித்த மாதிரி பெரிய பெரிய இலை. ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஈர்க்குச்சிக்குப் பதிலாக லவெண்டர்க் காம்பால் தைத்தேன். தோட்டத்தில் தையல் இலை தைத்த கை. என் மாமியார் இருந்தால் இதையும் குறை சொல்லியிருப்பார், பிறகு அக்கம்பக்கத்தாரிடம் காட்டியிருப்பார்.

பெலாச்சான்தான் பெரிய விஷயம். மலாக்காவிலிருந்து கொண்டு போன டப்பாவில் அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மிச்சம் இருந்தது. லண்டனில் அதைச் சுட்டபோது மாடி வீட்டுக்காரர்கள் சாக்கடை உடைந்துவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள். அந்த நினைப்பிலேயே நான் விடுதிக்காரம்மாவின் அடுப்படியில் தயங்கித் தயங்கி நின்றேன். அவர் டப்பாவை வாங்கி மூடியைத் திறந்தார். முகர்ந்தார். புருவத்தைத் தூக்கினார். பிறகு நிலவறைக்குள் இறங்கிப் போய், துணியில் சுற்றிய ஒரு பாலாடைக்கட்டியைக் கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஐயோ! அதன் நாற்றத்துக்கு முன்னால் பெலாச்சான் நிற்க முடியாது. வீட்டுக்கு வீடு வாசற்படி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். பூண்டு இடிக்கும் தன் இடிகல்லை அவரே கழுவி எனக்கு முன்னால் வைத்தார்.

நான் இடித்தேன். அதுவரை என் சம்பாலை என் மாமியார் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அன்றைக்கு அது சரியாக வந்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு பதைப்பு இருந்தது. படையலை முன்னால் ருசி பார்க்கவும் கூடாது. மூக்கை நம்பித்தான் உப்புப் போட்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு எங்கள் அறையில் மேசையைச் சுவரோரம் தள்ளி, அத்தி இலையை விரித்தோம். பழங்கள், பிளம் காய், சம்பால், ஒரு கோப்பைக் கறுப்புக் காப்பி. வாயுவுக்காக ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் பிராந்தி. சாம்பிராணி இல்லாததால் அடுப்புத் தணலில் உலர்ந்த லவெண்டரைப் போட்டோம். மெழுகுவத்தி ஏற்றினோம். அவர் குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். மெழுகுவத்தியை நகர்த்தினார், குவளையை நகர்த்தினார். மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார்.

"வெக்கப்படாம கூப்பிடுங்க," என்றேன். "உங்க அம்மாதானே."

"மாக்," என்றார் மிக மெல்ல. "மாரி மாக்கான், மாக்." வாங்கம்மா, சாப்பிடுங்க. அவ்வளவுதான். இலையின் ஓரத்தைக் கையால் ஒருமுறை தொட்டு நேராக வைத்துவிட்டு வெளியே வந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

சந்தில் போட்டிருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களோடு பேருந்தில் வந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் அப்போது அந்தப் பக்கம் வந்தார். விதவை, எப்போதும் தொப்பி, எதைப் பார்த்தாலும் எவ்வளவு அருமை என்பார். நான் அவருக்கு மனதுக்குள் தொப்பியம்மா என்று பெயர் வைத்திருந்தேன். எல்லாரும் இரவு விருந்துக்குக் கூடுகிறார்களே, நீங்கள் வரவில்லையா என்று கேட்டார்.

"எங்க மாமியார் வந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அப்படித்தான் வந்தது. "உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."

"எவ்வளவு அருமை! வெகு தூரத்திலிருந்தா?"

"மலாக்காவிலிருந்து."

தொப்பியம்மா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பியை நேராக்கினார். பயணம் கடினமாக இருந்திருக்குமே என்று கேட்டார். தங்கியிருப்பாரா, அறிமுகம் செய்து வைப்பீர்களா என்றார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இப்படி ஒரு சிக்கலை நான் உண்டாக்கிவிட்டேன், நான்தான் அவிழ்க்க வேண்டும். அவர் இறந்து ஒன்றரை வருடமாகிறது, இது எங்கள் வழக்கம் என்று திக்கித் திணறிச் சொன்னேன். தொப்பியம்மா சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன்.

"அப்படியானால் நாம் அவரை அவசரப்படுத்தக் கூடாது," என்றார் அவர். பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்துப் பின்ன ஆரம்பித்தார். விருந்து மணி அடித்தது. அவர் அசையவே இல்லை. கீழே வயல்களின் மேல் வெளிச்சம் மெல்ல மெல்ல வடிந்தது. அந்த நேரத்தில் அந்த அம்மாளை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று. அவர் யாருக்கெல்லாம் இலை போட ஆசைப்பட்டிருப்பாரோ, நான் கேட்கவில்லை.

பிறகு என் கணவர் எழுந்து போய்க் கதவைத் தட்டினார். காத்திருந்து, திறந்தார். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும், எதுவும் குறையாது. அது தெரிந்துதான் செய்கிறோம். ஆனாலும் அவர் இலை முன்னால் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். தொப்பியம்மா பிளம் காயைச் சம்பாலில் தொட்டுத் தின்று, கண்ணில் நீர் வழிய, எவ்வளவு அருமை என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. மார்செயில் கப்பல் ஏறியதிலிருந்து அவருக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. காப்பி குடிக்கும்போது கேட்பார், துணி மடிக்கும்போது கேட்பார், தூங்கப் போகும்போது கேட்பார்.

"மாக் முதல்ல வீட்டுக்குப் போயிருப்பாங்க, இல்ல?"

"போயிருப்பாங்க."

"நான் பகல்லயே நினைச்சுட்டேன். சந்தையில பழம் எடுக்கும்போதே மனசுக்குள்ள கூப்பிட்டுட்டேன். அதைக் கேட்டுட்டு நேரா வந்திருந்தா?"

ஒரு தடவை பொறுமையிழந்து, உங்க அம்மா நீங்க நினைக்கிறதுக்கெல்லாம் ஓடி வர்ற ஆள் இல்லை என்று கத்திவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் அவர் நம்பவில்லை. அவர் கூப்பிட்டால் அவர் அம்மா ஓடித்தான் வருவார். அது எனக்கும் தெரியும். செங்கடல் தாண்டி, கொழும்பு தாண்டி, கப்பல் நம் பக்கத்துக் கடலுக்குள் வந்த பிறகு அவர் கப்பல் தளத்திலேயே நின்று ஊர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலைதான் அவருக்கு.

காஜா பெராங் வீட்டு வாசலில் இரண்டு நாத்தனார்களும் எங்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மூத்தவர் பாதியாக இளைத்திருந்தார். கெபாயா தோளில் நிற்கவில்லை. பெட்டிகள் உள்ளே போயின. சாமி அறையில் மாமியாரின் படம் மாட்டியிருந்தது. நான் விழுந்து கும்பிட்டேன், அவர் நின்று பார்த்தார். இளையவர் சமையலறையில் சாப்பாடு எடுத்து வைக்கப் போனார். கூடத்தில் மூத்தவரும் நாங்களும் மட்டும் இருந்தபோது என் கணவர், பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, பார்ச்சு அன்னிக்கு மாக் வந்தாங்களா?"

அக்கா சாரோங் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வரல," என்றார்.

என் கணவரின் முகத்தில் இரத்தமே இல்லை. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்படித் தம்பி வருவாங்க?" என்றார் அக்கா. "நாங்க கூப்பிடவே இல்லையே. அப்பாவுக்குப் போட்டோம், பாட்டன்மாருக்குப் போட்டோம். மாக்குக்கு இலை போடல. முதல் தடவை பிள்ளைதான் கூப்பிடணும், பொண்ணுங்க கூப்பிட்டா வரமாட்டாங்க. அப்பாவுக்கு முதல் பார்ச்சு வந்தப்ப நீ பால்குடிப் பிள்ளை. உன் கையை இலையில வச்சு, மாக்தான் உன் வாயா இருந்து கூப்பிட்டாங்க. உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? போகிக்கு நீ இருப்ப, நீயே கூப்பிடுவன்னு இருந்துட்டோம். அதுவரைக்கும் மாக் பசியோடதானே இருக்கணும்? அந்த நினைப்புல எனக்குச் சோறே இறங்கல."

தந்தி வந்த அன்றிலிருந்து உள்ளேயே கிடந்த அழுகை அப்போது வந்தது. பெரிய மனிதர், அலுவலகத்தில் நாற்காலி காத்திருக்கிற அதிகாரி, கூடத்துத் தரையில் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதார். ஆனால் யாராவது ஒருவர் பேச வேண்டுமே.

"கூப்பிட்டார் அக்கா," என்றேன். "அதே நாள்ல. பிரான்சுல, ஒரு மலை மேல. இலை போட்டு, இவரே தன் வாயால கூப்பிட்டார்."

அக்கா என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். எழுந்து வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, தங்கைக்குக் கேட்கும்படி, தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னார்:

"மாக் சாப்பிட்டாச்சு! ஏய், மாக் சாப்பிட்டாச்சு! எனக்கும் ஒரு தட்டு வை!"